பாய் கழுவிய டம்ளர்

டீ வந்தால் பாய் முதலில் டம்ளரைக் கழுவுவார். டம்ளர் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துதான் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டியும் பயனில்லை. ஜன்னலோரம் இருந்த குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, டம்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுத்தான் டீயை ஊற்றுவார். எங்கள் ஆபீசுக்குக் கீழே மருந்துக்கடை. கடைக்காரர் எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்துக் கத்தினார். பாய் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி ஜன்னலடியில் வைத்துக்கொண்டாரே தவிர, கழுவுவதை விடவில்லை.

“கழுவின டம்ளர்தானே பாய், எதுக்கு மறுபடியும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது முன்ன குடிச்சவரு எச்சில் போறதுக்காகக் கழுவினதும்மா. உனக்காக இன்னும் யாரும் கழுவலையே” என்றார்.

கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. உலகத்தில் பாதிப் பேரைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் விஷயத்தில் அவர் ஏற்கெனவே பட்டது போதும். வளைகுடாவில் ஒன்பது வருஷம் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட்டில் அவர் பெயருக்குப் பின்னால் வாப்பா பெயர் இருந்ததால், அங்கிருந்த மேலாளர் வாப்பா பெயரையே இவர் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார். “நான் பெட்டியத் தப்பா அடுக்கினா எங்க வாப்பாவத்தான் திட்டுவான். அவரு பாவம், நாகப்பட்டினத்துல வலைக்கயிறு வித்துக்கிட்டு இருந்தாரு” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். திரும்பி வந்து தஞ்சாவூரில் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தபோது, முதலாளியிலிருந்து டீக்கடைப் பையன் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட அப்போதும் ஆள் இல்லை.

எங்கள் வேலை இதுதான். அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைக்க வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இணையத்தில் பதிவு செய்வார்கள். மண்டபம், சாப்பாடு, மாலை, சாஸ்திரிகள், எல்லாம் எங்கள் பொறுப்பு. பூஜை தொடங்குமுன் யாருக்காகச் செய்கிறோம் என்று சாஸ்திரிகள் பெயர் சொல்லவேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தாள் அச்சிட்டு அனுப்புவோம். அவர் பெயர், நட்சத்திரம், கோத்திரம், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர். ஐந்து கட்டம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், இரண்டு அறையில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துக் கிழவர்களுக்கெல்லாம் நாங்கள் மறுபடி கல்யாணம் செய்துவைத்தோம்.

பாய்க்குப் போன் வேலை. மலையாளம், ஹிந்தி, அரபி, எந்த ஊரிலிருந்து எந்த மொழியில் பேசினாலும் சமாளிப்பார். ஆனால் ஒவ்வொரு போனுக்கும் ஒரு புதுத் தாள் எடுப்பார். இரண்டு வரி எழுதியிருந்தாலும் அதைக் கிழித்துத் தனியாக வைத்துவிட்டு, அடியிலிருக்கும் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவது தாளில்தான் அடுத்த ஆளுக்கு எழுதுவார். அழுத்தி எழுதுகிற கை. மேல் தாளின் எழுத்து அடித்தாளில் பள்ளமாக விழுந்திருக்கும். முன்னால் பேசியவரின் எழுத்துத் தடம் பின்னால் பேசுகிறவர் தாளில் இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

“என்ன பாய், பேப்பர் மரத்துலயா காய்க்குது?” என்பார் முதலாளி.

“மரத்துலேர்ந்துதான் மொதலாளி வருது” என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு இன்னொரு தாளைக் கிழிப்பார்.

இந்த அழகில்தான் நான் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கத் தொடங்கினேன். பதிவுகள் பெருகிவிட்டன. ஒவ்வொரு மெயிலையும் படித்துக் கையால் தட்டச்சு செய்து மாளவில்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி, இதற்கெல்லாம் பெர்ல்தான் சரி என்று சொல்லி, சுருள்கம்பி போட்ட ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். ஐந்து அத்தியாயம் படித்தேன். ஆறாவது தேவையில்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

புத்தகத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்று வந்தது. எழுத்துகளுக்கு நாம் செய்து கொடுக்கிற அச்சு அது. ‘மனைவி’ என்ற சொல், பிறகு இரட்டைப்புள்ளி, நடுவில் எத்தனை இடைவெளி இருந்தாலும் சரி, அதன்பின் வருகிற சொல்லை எடுத்துக் கொடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். மெயில் எந்த லட்சணத்தில் வந்தாலும் அதற்குள்ளிருந்து பெயரைக் கொத்திக்கொண்டு வந்துவிடும். முதல் தடவை அது ஓடி, நாற்பது தாள் அச்சுப்பொறியிலிருந்து தானாக விழுந்தபோது, நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலாட்டினேன். பாய் ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எனக்கும் சொல்லிக் குடும்மா” என்றார்.

நாற்பது வயதுக்காரர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். நான் அரை மனதோடு சம்மதித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம். சொல்லிக் கொடுப்பதில் எனக்குப் பொறுமை கிடையாது. அவரோ ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த வரிக்கு நகரமாட்டார். அச்சில் புள்ளி வைத்தால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்றேன். “எந்த எழுத்துமா? அப்ப புள்ளி?” என்றார். புள்ளியும்தான் பாய் என்றேன். அரைமணி நேரம் அதிலேயே போயிற்று.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டார்.

“அச்சுல பொருந்தாதவங்க எங்கம்மா போவாங்க?”

“எங்கயும் போகமாட்டாங்க பாய். பொருந்தினா எடுக்கும். இல்லாட்டி விட்டுட்டு அடுத்த வேலயப் பாக்கும்.”

“விட்டுட்டுன்னா? அந்தக் கட்டத்துல என்ன வரும்?”

“ஒண்ணும் வராது.”

“பாத்தியா நீ?”

நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. மனைவி பெயர் இல்லாமல் யார் அறுபதாம் கல்யாணத்துக்கு எழுதப்போகிறார்கள்?

இந்த இடத்தில் நான் செய்த கோளாறைச் சொல்லிவிடவேண்டும். பெயரைப் போட்டுவைக்கப் பெர்லில் டப்பாக்கள் உண்டு. ‘மை’ என்று ஒரு இங்கிலீஷ் சொல்லைப் போட்டு டப்பாவை அறிமுகப்படுத்தவேண்டும். எந்த வளைந்த அடைப்புக்குறிகளுக்குள் அறிமுகப்படுத்துகிறோமோ, அந்த அடைப்பு முடிந்ததும் டப்பாவும் மறைந்துவிடும். நான் முதலில் அதைப் பெயர் கண்டுபிடிக்கும் இடத்தில், ஆக உள்ளே இருந்த அடைப்பில் வைத்தேன். அச்சிடுகிற வரி அந்த அடைப்புக்கு வெளியே இருந்தது. அப்படி ஒரு டப்பாவே கிடையாது என்று கம்ப்யூட்டர் கத்தியது. சனியனே என்று சொல்லி, அதைத் தூக்கி, நான் எழுதிவைத்த கட்டளை வரிகளின், அதாவது ஸ்கிரிப்டின், உச்சியில், முதல் வரியாக வைத்தேன். எல்லா இடத்திலும் கிடைத்தது. கத்தல் நின்றது. விஷயம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

முடியவில்லை. உச்சியில் வைத்த டப்பா ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக வருவதில்லை. நாற்பது பேருக்கும் அதே டப்பா. பெயர் கிடைத்தால் பழையது போய்ப் புதியது விழும். கிடைக்காவிட்டால், முந்தைய ஆளின் மனைவி பெயர் அதிலேயே கிடக்கும். கழுவாத டம்ளர்தான், வேறென்ன.

பாய் அதைக் கண்டுபிடித்தார். ஒருநாள் மத்தியானம் ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, உன் ஸ்கிரிப்டுல ஏதோ ஒட்டுதும்மா. முன்ன உள்ளவரோடது பின்ன உள்ளவருக்கு வருது.”

“எங்க, காட்டுங்க.”

அவர் காட்டவில்லை. தாளை இரண்டாக மடித்தார். “இல்லம்மா, இது நான் சும்மா எழுதிப் பாத்தது. நீயே ஒருதரம் ஓட்டிப் பாரேன்” என்றார்.

“நீங்க டெஸ்ட் எழுதினதுல தப்பு இருக்கும் பாய். முப்பது நாளா ஓடிக்கிட்டிருக்கு, ஒரு புகார் வந்துச்சா?”

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். வற்புறுத்துகிற சுபாவம் கிடையாது. எனக்கும் காதில் போட்டுக்கொள்கிற சுபாவம் கிடையாது. அன்று சாயங்காலம் வரை அவர் என்னோடு பேசவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பேசாவிட்டாலும் சாப்பாட்டில் கணக்கு வைக்கமாட்டார். பெருநாள் வந்தால் எங்கள் எல்லோருக்கும் பெரிய டிபன் கேரியரில் பிரியாணி வரும். நோன்பு மாதத்தில் தூக்குவாளி நிறையக் கஞ்சி. “அண்ணி கைமணமே தனி. சொல்லிருங்க பாய்” என்பேன். “சொல்லிடறேம்மா” என்பார். “உங்க வீட்டுக்கு எப்பக் கூட்டிக்கிட்டுப் போறீங்க? அண்ணிகிட்ட நான் சமையல் கத்துக்கணும்” என்றால், “வாயேன், ஒருநாள் வா” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். வெட்கப்படுகிறார் என்று நான் இன்னும் கொஞ்சம் சீண்டுவேன். வெள்ளிக்கிழமைதோறும் சுண்டலோடு வரும் முதலாளி வீட்டம்மாவும் அதில் சேர்ந்துகொள்வார். “ஏன் பாய், உங்க வீட்டம்மாவ ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்பார். பாய் சுண்டலைப் பார்த்துச் சிரிப்பார்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. விடிந்தும் விடியாமல் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஆபீசிலிருந்து பேசினார்.

“தங்கச்சி, நேத்து திருக்கடையூருக்கு அனுப்பின தாளோட நகலப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒன்பதாவது தாள் தப்பு.”

“என்ன தப்பு?”

“ஒரத்தநாட்டுப் பக்கத்து மனுஷன். பொண்ணு மெயில் எழுதியிருக்கு. அம்மா போன வருஷம் தவறிட்டாங்க, அப்பாவுக்கு மட்டும் ஆயுஷ்ஹோமம் செய்யணும்னு. நம்ம தாள்ல மனைவின்னு போட்டு ராஜலட்சுமின்னு இருக்கு. எட்டாம் நம்பர்காரரு சம்சாரம் பேரு அது.”

பத்தரைக்குப் பூஜை. திருக்கடையூரில் எங்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஹோமம் நடக்கும் நாளில் போனைப் பைக்குள் போட்டுவிட்டால் மத்தியானம்தான் எடுப்பார். பாய் அதற்குள் எட்டுத் தடவை அடித்துப் பார்த்துவிட்டார். ஒரு மனுஷன், பெண்டாட்டியை இழந்து ஒரு வருஷம் ஆனவன், சாமி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவன் காது கேட்க ஊரான் மனைவியின் பெயரை அவன் மனைவி என்று சொல்லப்போகிறார்கள். அதை எழுதிக் கொடுத்தது நான்.

ஏழு மணி பஸ்ஸில் ஏறினோம். புதிதாக அச்சிட்ட ஒன்பதாம் தாள் என் கைப்பையில் இருந்தது. கும்பகோணம் வரை ஒழுங்காகப் போன பஸ், அதன்பின் ஊர்ந்தது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மயிலாடுதுறைக்கு முன்னால் ஒரு கொள்முதல் நிலைய வாசலில் நெல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எதிரில் அறுப்பு மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் இறங்கிக் கத்தினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

“நீங்க அன்னிக்கே சொன்னீங்க பாய். நான்தான் கேக்கல.”

“சொன்னேன். காட்டலயேம்மா” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தாள உங்கிட்டக் காட்டியிருந்தா இன்னிக்கு இது நடந்திருக்காது. தப்பு எம்மேலயும் இருக்கு.”

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கோபுர வாசலில் போய் நின்றபோது பத்தே முக்கால். பாய் தன் செருப்பைக் கழற்றவில்லை. “நீ ஓடு. உன் செருப்ப நான் பாத்துக்கறேன்” என்றார். நான் ஓடினேன். உள்ளே பிராகாரம் முழுக்க அறுபது வயது மாப்பிள்ளைகளும் பெண்களும். எங்கு பார்த்தாலும் மாலை, புகை, கலசம், வீடியோ விளக்கு. ஜோடியில்லாத ஒற்றை ஆளைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு தூணோரம், பக்கத்து மணை காலியாக இருக்க, ஒல்லியான ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் கைப்பையைத் திறந்துகொண்டே கிட்டத்தில் போகும்போது சாஸ்திரிகள் தாளைப் பார்த்து வாசிப்பது காதில் விழுந்தது. தர்மபத்தினி ராஜலட்சுமி என்றார். பாவம், அவர் தாளில் இருந்ததைப் படித்தார்.

மாலை போட்டிருந்தவர் கையை உயர்த்தினார். சாஸ்திரிகள் நிறுத்தினார்.

“யாருங்க ராஜலட்சுமி?” என்று பின்னாலிருந்து மகள் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும். “எங்கம்மா இல்லன்னு அவ்வளவு தெளிவா மெயில்ல எழுதியிருந்தேனே. யாரு இத எழுதினது?”

“நான்தாங்க” என்றேன். மூச்சு வாங்கியது. “தஞ்சாவூர் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். கம்ப்யூட்டர்ல தப்பு வந்துருச்சு. கம்ப்யூட்டர் மேல பழி போடல, அதுக்கு எழுதிக் குடுத்தது நான்தான். மன்னிச்சுக்கங்க.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “இரும்மா” என்றார் அப்பா. என் கையிலிருந்த தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். அவர் பெயர், நட்சத்திரம், கோத்திரம். நாலாவது கட்டத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த எடத்துல ஏதாச்சும் ஒரு பேரப் போட்டே ஆகணுமா உங்க கம்ப்யூட்டருக்கு? சும்மா விடத் தெரியாதா?”

“தெரியுங்க. நான்தான் சொல்லிக் குடுக்கல.”

“சும்மா விட்டுருங்க. அது அவ எடம்” என்று சொல்லி, தாளைச் சாஸ்திரிகளிடம் கொடுத்தார். அவர் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே பாய் என் செருப்பைத் தன் காலுக்கு அருகில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு பூக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

“சும்மா விட்டுருங்க, அது அவ எடம்னாரு.”

“திரும்பச் சொல்லு.”

சொன்னேன். அவர் எழுந்து எதிர் டீக்கடைக்குப் போனார். வழக்கம்போலக் கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டு கிளாசையும் கழுவினார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழுவினார். டீயோடு திரும்பியபோது கண் சிவந்திருந்தது. ஹோமப்புகை என்று நினைத்தேன். புகை இருந்தது உள்ளே. அவர் உள்ளே வரவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் முதலாளி குதித்தார். பாய் என்னைப் பேசவிடாமல், “ரெண்டு பேரும் சேந்துதான் மொதலாளி பாத்தோம். ரெண்டு பேருக்கும் தெரியாமப் போச்சு” என்று சொல்லிவிட்டார். நான் ஸ்கிரிப்டைத் திறந்து, உச்சியில் இருந்த வரியை வெட்டி, மெயில்களை ஒவ்வொன்றாக எடுக்கிற அடைப்புக்குள் முதல் வரியாக ஒட்டினேன். ஆக உள்ளேயும் இல்லை, ஆக வெளியேயும் இல்லை, நடுவில். இனி ஒவ்வொரு ஆள் வரும்போதும் புது டப்பா. ஒரே ஒரு வரியை நாலு வரி கீழே இறக்கியதுதான் நான் செய்த திருத்தம்.

பாய் அதோடு விடவில்லை. தானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். பதினோரு நாள் ஆயிற்று. முப்பத்தொரு வரி. என்னுடையதைவிட மெதுவாக ஓடும், பார்க்க அசிங்கமாகவும் இருக்கும். ஆனால் எந்தக் கட்டம் பொருந்தாமல் போனாலும் அந்த ஆளின் பெயரைத் தனிப் பட்டியலில் போட்டு, பக்கத்தில் ‘கேட்டு எழுதவும்’ என்று ஆங்கில எழுத்தில் தமிழில் அச்சிடும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். “விட்டுப்போச்சா, இல்ல, விடணுமாங்க?” என்று கேட்பார். விடணும் என்று சொல்கிறவர்களிடம் இன்னும் ஒரு நிமிஷம் பேசிவிட்டுத்தான் வைப்பார். அதன்பின் நான் இருந்தவரை ஆபீசில் ஓடியது அவருடைய ஸ்கிரிப்ட்தான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம். பாய் ஆறு எவர்சில்வர் டம்ளர் பரிசாகக் கொண்டுவந்தார். “ஆறு இருக்கு. ஒருத்தரு குடிச்சத இன்னொருத்தருக்குக் குடுக்காத” என்றார். நான் தாம்பூலப் பையோடு, மயில் கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “அண்ணிக்கு. கூட்டிக்கிட்டு வரலன்னு கோவம்தான், இருந்தாலும் குடுக்கறேன். தைச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “சொல்லிடறேம்மா” என்றார்.

கல்யாணத்துக்குப் பின் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். சில வருஷத்தில் அவரும் வேலையை விட்டுவிட்டு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டதாக முதலாளி சொன்னார். நம்பர் ஒன்று வைத்திருந்தேன். அடித்தால் அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அதற்குமேல் நான் தேடவில்லை. அவரானால் தேடியிருப்பார்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணில் ஒரு சிடி கிடைத்தது. வேலையை விட்ட அன்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து என் பொருள் என்று எழுதி எடுத்துவந்தது. அதைப் படிக்கிற கருவி இப்போது யார் வீட்டில் இருக்கிறது? மகனின் நண்பன் ஒருவனிடம் வாங்கி, போட்டுப் பார்த்தேன். என் ஸ்கிரிப்ட் இருந்தது. பாயின் முப்பத்தொரு வரி இருந்தது. கூடவே, அவர் தன் பெயரிட்டு வைத்திருந்த ஒரு பரீட்சைக் கோப்பும், அதை என் ஸ்கிரிப்டில் ஓட்டி வந்த தாளும் இருந்தன. தேதி பார்த்தேன். திருக்கடையூருக்கு நாங்கள் ஓடியதற்கு மூன்று வாரம் முன்பு. அவர் ஒரு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட அந்த மத்தியானம்.

பரீட்சைக்கு அவர் வேறு யாரையும் தேடவில்லை. ஆபீஸ் ஆட்களையே எழுதியிருந்தார். முதலில் முதலாளி, மனைவி பெயர் கமலா. அடுத்தது பாய். அவர் பெயர், அவருடைய சொந்தப் பெயர், முழுதாக. நட்சத்திரம் இல்லை. கோத்திரம் இல்லை. பிள்ளைகள் இல்லை. மூன்று கட்டத்துக்கும் நேரே ‘இல்லை’ என்றே எழுதியிருந்தார். அதன் கீழே, மெயிலில் எழுதுகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி: ‘மனைவி தவறிவிட்டார், அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும்.’

என் ஸ்கிரிப்ட் அடித்துக் கொடுத்த தாளில் அவர் பெயருக்குக் கீழே மனைவி: கமலா என்று இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி வீட்டம்மாவை இவருக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதை எப்படி என்னிடம் காட்டுவார் மனுஷன்? காட்டினால் அந்தக் கடைசி வரியையும் நான் படித்திருப்பேனே. அப்புறம் சிரிக்க முடியவில்லை. அவர் எங்களிடம் வந்தபோதே அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அதில் ஒரு அண்ணியை நிரப்பியது நான். வருஷக்கணக்காக, வாரம் தவறாமல், சிரித்துக்கொண்டே நிரப்பினேன். பெருநாள் பிரியாணியும் நோன்புக் கஞ்சியும் அவரே விடியற்காலையில் எழுந்து செய்து சுமந்துவந்தவை.

பாயின் முப்பத்தொரு வரியை எடுத்து அதே கோப்பின் மேல் ஓட்டினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. முதலாளிக்கு ஒரு தாள் வந்தது. அடுத்து அவருக்கு ஒன்று. மனைவி என்று போட்டு, இரட்டைப்புள்ளி போட்டு, அதன்பின் ஒன்றுமில்லை. தனிப் பட்டியலில் அவர் பெயர் மட்டும், பக்கத்தில் ‘கேட்டு எழுதவும்’. எழுந்து போய் அவர் கொடுத்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துக் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி அந்தத் தாளைப் பார்த்தேன். மயில் கழுத்து நிறத்தில் நான் கொடுத்த அந்த ரவிக்கைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் என்ன செய்திருப்பார்.